சித்தப்பா குடித்த கிளாஸ்

புதுச்சேரியில் குடிக்காமல் இருப்பது ஒரு தனி வேலை. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. வெளியூர்க் கல்யாணங்களில் "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். "பாண்டிச்சேரி" என்றதும் கேட்டவர் முகம் மலரும், கண் என் பைக்குப் போகும். பையில் மாற்றுச் சட்டையும் பல் தேய்க்கும் பிரஷ்ஷும் மட்டும்தான் என்று தெரிந்ததும், மொய் வைக்காமல் பந்தியில் உட்கார்ந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பார்கள். ஒருமுறை கோரிமேட்டு எல்லையில் ஒரு போலீஸ்காரர் என் டூல்ஸ் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். செம்புக் குழாய், ஸ்பேனர், டெஸ்டர். "வேற ஒண்ணும் இல்லியா?" என்று அவர் கேட்ட குரலில் சந்தேகத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம்.

நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இந்த ஊரில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குப் பாதி வேலை பார்களில்தான். ஒரு காலத்தில் பீர் ஃபிரிட்ஜைச் சரிசெய்துவிட்டு, நன்றாகக் குளிர்கிறதா என்று நானே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன். பொறுப்பான ஆள். சோதனை முடியச் சாயங்காலம் ஆகிவிடும். அந்தச் சோதனைகள் நின்று பல வருடங்கள் ஆகின்றன. நிறுத்தியது என் மன உறுதி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் நிறுத்தியது உப்பளம் பகுதியில் ஒரு மாடி அறை.

கீழே பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. மேலே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஃபிளாஸ்க் டீ, சுற்றும்போது முனகும் ஒரு மின்விசிறி. குடியை விட்டவர்கள், விடப் பார்ப்பவர்கள், விட்டுவிட்டு மறுபடி பிடித்தவர்கள் எல்லோரும் சாயங்காலம் அங்கே கூடுவோம். பெயர் சொல்லிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. நான் அங்கே 'ஃபிரிட்ஜு'. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் உண்டு. அப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்பார்கள், நாங்கள் பிரெஞ்சு மரியாதையில் அவரை 'முசே' என்போம். வந்த புதிதில், ஒயின் கணக்கில் வராது, அது சாப்பாட்டோடு சேர்ந்தது என்று வாதாடினார். "அப்ப சாப்பாடு எங்க முசே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்றுவரை எழுந்து போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே கிளம்புவோம். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தில் நிற்போம். மீனவக் குப்பங்களுக்குப் போவோம். கேட்க ஆள் இருந்தால் பேசுவோம், இல்லாவிட்டால் நோட்டீஸ் கொடுப்போம். நோட்டீஸில் ஒரு பாட்டில், அதன் மேல் மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு. படம் என் யோசனை. குப்பத்தில் ஒரு பெண் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிரான்ஸ்பார்மர்ல மாட்டுறதா? அது அந்தப் பக்கம் இருக்குது" என்று கை காட்டினாள்.

அவள் கணவர்தான் எங்களோடு சேர்ந்த படகுத் தம்பி. நோணாங்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர், நாற்பது வயது இருக்கும். அவள் மீன் விற்கிறாள். இதற்கு முன்பு ஒருமுறை அவர் குடியை விட்டு, மறுபடி பிடித்து, அதனால் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய், அவர் எங்கள் மாடி ஏற ஆரம்பித்த பிறகுதான் திரும்பி வந்திருந்தாள். வரும்போது அவள் சண்டை போடவில்லை. "இன்னொரு தடவ வாசன வந்துச்சுன்னா ஒரு வார்த்த பேச மாட்டேன். பைய எடுப்பேன், போய்க்கினே இருப்பேன்" என்று மட்டும் சொன்னாளாம். அந்தப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது என்று தம்பி எங்களிடம் சொன்னார்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் அவருடைய அப்பா இறந்துபோனார். வயதான சாவு. வெடி, மேளம், ஆட்டம் எல்லாம் உண்டு. ஊர்வலத்தில் தம்பியைச் சுற்றி நாங்கள் நடந்தோம். மந்திரிக்குக்கூட அப்படியொரு பாதுகாப்பு இருந்திருக்காது. கிளாஸ் நீட்டிக்கொண்டு வந்தவர்களை எல்லாம் முசே "அலே! அலே!" என்று பிரெஞ்சில் விரட்டினார். ஏதோ சடங்கு மொழி என்று நினைத்து அவர்களும் விலகிக்கொண்டார்கள்.

சுடுகாடு வரை தப்பித்தாயிற்று. பதினாறாம் நாள் காரியம்தான் பாக்கி. அதற்குச் சில நாள் முன்பு தம்பி மாடிக்கு வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலை போட்டுப் படைப்பார்கள். சூடம் காட்டிய பிறகு, படைத்த ஒவ்வொன்றிலும் மூத்த பிள்ளை முதல் வாய் எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் கை வைக்கலாம்.

"அப்பாவுக்குப் புடிச்சது கருவாட்டுக் கொழம்பு, சுறாப்புட்டு, பீடி" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். "அப்புறம் பிராந்தி."

"வேணாம்னு சொல்லிடு" என்றார் ஒருவர். அவருக்கு அப்பா உயிரோடு இருந்தார்.

"யாருகிட்ட சொல்றது, செத்தவருகிட்டயா? சித்தப்பா தன் கையால ஊத்திக் குடுப்பாரு. அப்பன் பங்குடா, வாங்கிக்கன்னுவாரு. ஊரே பாத்துக்கினு நிக்கும்."

"நாக்குல ஒரு சொட்டு வச்சிட்டு..."

"எனக்கு ஒரு சொட்டுன்னு ஒண்ணு கெடையாதுண்ணே. போன தடவ அந்த ஒரு சொட்டு மழகாலம் பூரா ஓடுச்சு."

எங்கள் நோட்டீஸைப் பற்றி அப்போதுதான் எனக்கு முதல்முறையாக வெட்கம் வந்தது. குடி ஒருநாளும் மண்டை ஓட்டை மாட்டிக்கொண்டு வருவதில்லை. மச்சானாக வருகிறது, மாப்பிள்ளைத் தோழனாக வருகிறது, பாசத்தோடு தோளில் கை போடுகிறது. அந்தச் சித்தப்பா கெட்டவர் இல்லை. அண்ணன் பிள்ளைக்கு அண்ணனுடைய கடைசிப் பங்கைத் தன் கையால் கொடுக்க ஆசைப்படுகிறவர். அப்படி நீளும் கையைத் தட்டிவிடுவது எப்படி என்று எந்த நோட்டீஸிலும் நாங்கள் போடவில்லை. எங்களுக்கே தெரியாது.

எங்களுக்குத் தெரிந்தது வேறு. குடியை விட்டவனிடம் இரண்டு சொத்து மிஞ்சும். கல்லீரலில் பாக்கி இருப்பது ஒன்று, ஏமாற்றும் திறமை இன்னொன்று. முன்னதில் தேய்மானம் உண்டு. பின்னது புத்தம் புதிதாக அப்படியே இருக்கும். டீ ஃபிளாஸ்க்கில் பிராந்தியை ஊற்றி வேலைக்கு எடுத்துக்கொண்டு போனவன் நான். அதையே திருப்பிப் போட்டால் என்ன?

"பாட்டில்ல டீ டிகாஷன ஊத்திடுவோம்" என்றேன்.

அந்த அறையில் நான் ஒருபோதும் காணாத உற்சாகம். தலை குனிந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். கலர் எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், எத்தனை முறை வடிகட்டினால் வண்டல் தங்காது என்று ஆளாளுக்கு யோசனை. மனைவியையும் மேனேஜரையும் டாக்டரையும் ஏமாற்றிச் சேர்த்த அனுபவம் அத்தனையும் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படப்போகிறது என்பதில் எங்களுக்கு ஒரே பெருமை. சர்க்கரை போடலாமா என்று முசே கேட்டார். கூடவே கூடாது என்றேன். எறும்பு வரிசை கட்டி வந்து காட்டிக்கொடுத்துவிடும். எவ்வளவு தொலைநோக்கு பாருங்கள்.

பாட்டில் வாங்குவதில்தான் சிக்கல் வந்தது. காலி பாட்டில் தெருவில் கிடைக்கும்தான், ஆனால் லேபிள் கசங்காமல் அதே பிராண்ட் வேண்டுமே. பிராந்திக் கடைக்கு எதிர்வரிசையில் போய் நின்றோம். கடைக்குள் யார் போவது? "நீங்க போங்க முசே." "நான் வெளிய வர மாட்டேன்." "ஃபிரிட்ஜு, நீ?" "எனக்கு உள்ள இருக்கிற ஃபிரிட்ஜ் எல்லாம் சொந்தக்காரங்க மாதிரி. விட மாட்டாங்க." ரோட்டைத் தாண்ட முடியாமல் ஆண்கள் நாலைந்து பேர் நிற்பதைப் பார்த்து, திட்டத்தைக் கேட்டு எங்களோடு வந்திருந்த தம்பியின் மனைவி மீன் கூடையை என் கையில் கொடுத்தாள்.

"நவுருங்க" என்று சொல்லிவிட்டு நேராகக் கடைக்குள் போனாள்.

"யாருக்குக்கா, உனக்கா?" என்று கடைக்காரர் கேட்டது எதிர்ப்பக்கம் வரை கேட்டது.

"ஆமா, எனக்குத்தான். தலைக்குத் தேய்க்க" என்றாள்.

வெளியே வந்து, சாக்கடை ஓரத்தில் நின்று, மூடியைத் திருகி, பாட்டிலைக் கவிழ்த்தாள். குடுகுடுவென்று இறங்கியது. ஒரு சாக்கடையை அவ்வளவு மரியாதையோடு ஒரு கூட்டம் பார்த்து நான் கண்டதில்லை. முசே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"பாத்தது போதும், வாங்க" என்றாள் அவள். பிறகு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே என்னிடம், "இது நடக்குமாண்ணே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை. கதவுக்குப் பின்னால் தொங்கும் பைதான் இருந்தது.

"நான் இருக்கேன்மா" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்ன இடங்களில் எல்லாம் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

காரியத்தன்று போனோம். அப்பாவின் படத்துக்கு முன்னால் இலை. இலைக்கு இடப்பக்கம் எங்கள் பாட்டில், என் கையால் தயாரான டிகாஷனோடு. கலர் அச்சு அசல். படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிலைக் கண்காணிப்பது என் பொறுப்பு. சரியான பாட்டிலிலிருந்து ஊற்றினால் நான் வலது காதைச் சொறிய வேண்டும், ஏதாவது தப்பு நடந்தால் இடது காதை.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா வந்தார். ஆஜானுபாகுவான ஆள், ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிப் பேசித் தடித்த குரல். இடுப்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து இலைக்கு வலப்பக்கம் வைத்தார். அதே பிராண்ட், அதே அளவு. "அண்ணனுக்கு என் பங்கு" என்றார்.

அதே பிராண்டில் இன்னொரு பாட்டில் வரும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. பரவாயில்லை, இடம் எங்களுடையது, வலம் அவருடையது என்று மனதில் குறித்துக்கொண்டேன். அப்போது யாரோ, "ஃபிரிட்ஜு மெக்கானிக் வந்துருக்காராமே! உள்ள தண்ணியே கூலாவல, செத்த பாருங்கண்ணே" என்றார்கள்.

நான் போயிருக்கக் கூடாது. ஆனால் ஓடாத ஃபிரிட்ஜ் ஒன்று கூப்பிட்டால் என் கால் என் பேச்சைக் கேட்பதில்லை. மோட்டாரைக் கிளப்பும் ரிலே போயிருந்தது. பையில் ஒன்று இருந்தது. மாட்டினேன், மோட்டார் உறுமியது, எல்லோரும் பாராட்டினார்கள். வெற்றி வீரனாகத் திரும்பி வந்தால், குத்துவிளக்குக்கு இடம் வேண்டுமென்று படத்தை நகர்த்தி, இலையைத் திருப்பி, பாட்டில்கள் இரண்டையும் ஒரே பக்கம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். செத்தவர் திறக்கச் சிரமப்படக் கூடாது என்று மூடிகளையும் எடுத்தாயிற்று. நான் குனிந்து பார்த்தேன். ஒரே நிறம், ஒரே மட்டம். அவ்வளவு திறமையாக நிறம் பிடித்தவன் எவன் என்று கேட்டு நாலு அறை அறையலாம் போலிருந்தது.

சாம்பிராணிப் புகையில் கருவாட்டுக் குழம்பின் வாசனையே தெரியவில்லை. முகர்ந்து பார்த்துச் சொல்ல ஆளும் இல்லை. அந்த வீட்டில் பிராந்தியைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் நாங்கள்தான். எங்களால்தான் அதைத் தொட முடியாது.

சூடம் காட்டினார்கள். தம்பி குழம்பில் முதல் வாய் எடுத்தார், புட்டில் எடுத்தார். பீடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வைத்தார். சித்தப்பா ஒரு பாட்டிலை எடுத்து கிளாஸில் ஊற்றி நீட்டினார். "புடி. உங்கப்பன் பங்கு."

தம்பி கிளாஸை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அடுப்படி வாசலில் கையில் கரண்டியோடு அவர் மனைவியும் என்னைப் பார்த்தாள். முசே பார்த்தார். எனக்கு இரண்டு காதும் அரித்தன. எதைச் சொறிவது? நான் கூரையைப் பார்த்தேன்.

தம்பிக்குப் புரிந்துவிட்டது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் எது என்று தெரிந்துவிடும். ஆனால் மூக்குவரை போன கிளாஸ் திரும்பி வராது என்பது எங்களில் எவனுக்கும் தெரியும். கிளாஸ் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"எனக்கு வேணாம் சித்தப்பா" என்றார்.

"என்னாது?"

"நான் குடிக்கிறதில்ல. வுட்டுட்டேன். ஒரு வாய் போனா என்னால நிறுத்த முடியாது. அப்பாவுக்கே தெரியும் அது."

மேளக்காரர்கூடக் குச்சியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர், "அப்பன் பங்க வேணான்னு சொல்ற புள்ளய இப்பதான்யா பாக்குறேன்" என்றார். தம்பி தலையைக் குனியவில்லை, கிளாஸை நீட்டியபடி நின்றார். சித்தப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கிளாஸைப் பிடுங்கி, ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொண்டார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, ஒரு செருமல் இல்லை. மீசையைத் துடைத்தார்.

"உன் பங்க நான் குடிச்சிட்டேன். போ, போய் சோத்துல கைய வையி" என்றார். மற்றவர்களைப் பார்த்து, "இன்னா வேடிக்க? எலயப் போடுங்கடா!" என்று ஒரு சத்தம். இரண்டு பாட்டிலையும் மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுப்படியில் கரண்டி பாத்திரத்தில் இடிக்கும் சத்தம் மறுபடி கேட்டது.

அந்தக் கிளாஸில் இருந்தது எது என்பது எங்கள் மாடியில் பல மாதம் ஓடிய விவாதம். பிராந்திதான் என்றார் முசே. குடித்ததும் அந்த ஆளின் காது சிவந்ததைப் பார்த்தாராம். பிராந்தியென்றால் ஒரு செருமலாவது வந்திருக்கும், அது டீதான் என்றார்கள் சிலர். டீயாக இருந்தால் அங்கேயே துப்பி எங்களைக் கட்டிவைத்து அடித்திருப்பார் என்று நானும் முசே கட்சியில் சேர்ந்தேன். தம்பி மட்டும் இந்தப் பேச்சில் சேரவே இல்லை. ஒருநாள் நான் விடாமல் நச்சரித்தபோதுதான் சொன்னார்.

"எதுவா இருந்தா என்னாண்ணே? அன்னிக்கு நீங்க மட்டும் சரியா காத சொறிஞ்சிருந்தீங்கன்னா நான் குடிச்சிருப்பேன். அப்புறம் வருசா வருசம் தெவசத்துக்கு ஒளிச்சி ஒளிச்சி டீ காச்சிக்கினு கெடக்கணும். கல்யாணத்துக்கு ஒரு பாட்டிலு, பொங்கலுக்கு ஒரு பாட்டிலு. நல்லவேள, உங்களுக்குத் தெரியல."

என் முட்டாள்தனத்துக்கு நன்றி கிடைத்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். ஆனால் அதை நினைத்துக்கொண்டே பல நாள் வண்டி ஓட்டியிருக்கிறேன். குடிப்பதற்காகப் பொய் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். குடிக்காமல் இருப்பதற்கும் பொய்யைத்தான் தேடிப் போனோம். அதைத் தவிர வேறு வழி இருக்கிறது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. வேணாம் என்ற அந்தச் சின்னச் சொல்லைச் சொல்ல அவரை நாங்கள் தயார் செய்யவே இல்லை. எங்கள் திட்டம் கெட்டுப்போனதால்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது. மண்டை ஓட்டு நோட்டீஸை நிறுத்திவிட்டோம். இப்போது குப்பங்களுக்குப் போனால், நாங்களே மாமனாகவும் மச்சானாகவும் நின்று கிளாஸை நீட்டுகிறோம். எதிரே நிற்பவர் வாய்விட்டு வேணாம் என்று சொல்லிப் பழக வேண்டும். முசே மாமனாராக நடிப்பார். அவர் கெஞ்சுகிற கெஞ்சலுக்கு எனக்கே சில சமயம் கை நீண்டுவிடும்.

வருடம் திரும்பியது. திவசத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். இலையில் பாட்டில் இல்லை. அந்த இடத்தில் டீக்கடை கிளாஸில் ஆவி பறக்கும் டீ. "மாமா காலையில எழுந்ததும் இதத்தான் கேப்பாரு. மத்ததெல்லாம் இதுக்கப்புறம்தான்" என்றாள் தம்பியின் மனைவி. அவள் பின்னால் திறந்திருந்த கதவில் ஆணி தெரிந்தது. அதில் மகளின் பள்ளிக்கூடப் பை மாட்டியிருந்தது.

சித்தப்பா வருவாரா என்பதுதான் எல்லோர் மனதிலும். வந்தால் இடுப்பில் என்ன இருக்கும்? வந்தார். கையில் ஒரு கேரி பேக். அதிலிருந்து எடுத்து இலையில் வைத்தது ஒரு பன். "அண்ணன் தொட்டுக்கினுதான் சாப்புடும்" என்றார் யாரையும் பார்க்காமல்.

சூடம் காட்டியாயிற்று. சித்தப்பா டீயை எடுத்து நீட்ட, தம்பி முதல் வாய் குடித்தார். அவர் குடித்த கிளாஸை வாங்கிச் சித்தப்பா தானும் ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கைச் சப்புக்கொட்டினார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"போன வருசத்துக்கு இது தேவலாம்யா. அதுல சக்கரையே இல்ல."